பதினொரு வரிசை

பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
சைக்கிள் திருத்தும் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில்
லெம்லெம்மின் கடை. இரண்டு கதிரை, ஒரு கண்ணாடி.
சனிக்கிழமை ஒன்பதரைக்கு நேரம் எடுத்திருந்தேன்.
போனில் ஒரு படம் கொண்டுபோனேன்:
ஊசி மெல்லிசில் நூற்றிருபது பின்னல்,
விலைக்கு வாங்கின முடி சேர்த்து, இடுப்பு வரை.

அவள் படத்தைப் பார்க்கவில்லை.
என் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி
கோப்பையில் போட்டாள். பதினேழு.
பிறகு காதுக்கு மேலே, நெற்றி முடிகிற இடத்தில்
விரலை வைத்தாள்.
ஐந்து ராப்பன் காசளவு
தோல் அங்கே மினுங்கியது.

"யார் இழுத்தது?"

என்ன சொல்வது.
காலை ஆறு ஐம்பதுக்கு, மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
வெள்ளைத் தொப்பிக்குள் தலை போயிருக்கவேண்டும்.
ஒரு மயிர் விழுந்தால் போதும்.
பற்சக்கரங்களுக்கு நடுவில் அது படுத்துக்கொள்ளும்,
எண்ணாயிரம் பிராங்க் மணிக்கூடு நின்றுபோகும்.
மேற்பார்வைக்கு நிற்கிற கீகாக்ஸ்
ஒருமுறை இடுக்கியில் ஒன்றைப் பிடித்தபடி வந்து
மிக மரியாதையாகக் கேட்டாள்:
"இது சுருண்டிருக்கிறது. உங்களுடையதா?"
அந்தக் கூடத்தில் சுருண்டதெல்லாம் என்னுடையதுதான்.
அன்றிலிருந்து தண்ணீர் தெளித்து, ஜெல் பூசி,
கண்ணின் ஓரம் மேலே ஏறும்வரை
இழுத்துக் கட்டுகிறேன்.
ஒன்பது வருடம்.

"நான்தான்," என்றேன்.
அவளுடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும்
ஒரே வகுப்பில் படித்தவை அல்ல.
இந்தச் சொல் மட்டும் நேரே போய்ச் சேர்ந்தது.

எந்தப் பக்கம் சரிந்து படுப்பாய்?
தொப்பியின் எலாஸ்டிக் எங்கே விழும்?
பின்னேரம் தலையிடிக்குமா?
என் குடும்ப வைத்தியர் கூட
இவ்வளவு கேட்டதில்லை.

"மெல்லிசு வேண்டாம். வாங்கின முடியும் வேண்டாம்.
இந்த வேருக்குத் தன் பாரமே போதும்.
இரவல் பாரம் எதற்கு?"

வருகிற கிழமை லோசானில் மச்சாளின் கலியாணம்,
அல்பத்தில் நான் நிற்கவேண்டும் என்றேன்.
"அல்பத்தில் நெற்றியும் தெரியும்," என்றாள்.

அதோடு பேச்சு முடிந்தது.
தடித்த பின்னல், தலையோடு படிந்து,
உச்சியிலிருந்து பிடரிக்குப் பதினொரு வரிசை.
நெற்றியோரம் ஒரு விரல் தள்ளித்தான் தொடக்கம்.
அந்த ஓரத்து மயிரை யாரும் தொடக்கூடாது,
நானும்தான்.

கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பழைய பெயர்,
ஐந்து விதமாய் முடியலாம் என்பதால்.
எனக்குத் தெரிந்தது ஒரேயொரு விதம்.
இறுக்கம்.

சீப்பின் வாலால் அவள் வகிடு கீறினாள்.
எண்ணெய் மணத்தது. வெளியே பதினொன்றரை பஸ் போனது.
ஒவ்வொரு வரிசைக்கும் நிறுத்தி, "வலிக்கிறதா?"
அவள் கேட்டு முடிக்குமுன்
இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்,
காசாளரிடம் பை வேண்டாம் என்று சொல்வதுபோல.

மூன்றாம் வரிசையில் அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.
என் முகத்தை அல்ல.
கீழே, செருப்புக்குள்
என் கால் பெருவிரல் மடங்கியிருந்தது.
ஒன்றும் பேசாமல்
அந்த வரிசை முழுவதையும் அவிழ்த்தாள்.
திரும்பப் பின்னினாள், தளர்வாக.

எனக்குக் கண் கலங்கியது.
இழுத்ததால் என்று சொல்ல இந்தமுறை வழியில்லை.

போகும்போது சட்டம் சொன்னாள்:
இரவில் வழுவழுப்பான துணி கட்டு.
ஆறு கிழமை, ஒருநாளும் கூடாது.
வடிவாய் இருந்தாலும் அவிழ்.
வடிவாய் இருக்கும்போதுதான் மறந்துபோகும்.

திங்கட்கிழமை தொப்பி கண்ணுக்கு வழுக்கி வந்தது.
கொண்டை இல்லாத தலைக்கு
ஓர் அளவு சிறியது வேண்டும் என்றேன்.
கீகாக்ஸ் பெட்டியைத் துழாவி எடுத்துத் தந்தாள்,
ஏன் என்று கேட்கவில்லை.

விளக்கின் கீழ் குனியுமுன்
கையுறை போடாத விரலால் தடவிப் பார்த்தேன்.
அந்த இடத்தில் இன்னும் ஒன்றுமில்லை.
காசளவு வெறுமை.
யாரும் இழுக்கவில்லை.